நாலாம் நம்பர் கப்பல்

மஸ்கட்
8 ஜூலை 2005

திரு. கங்காதரன் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பீர்க்கன்கரணை ஏரிக்கரை ஸ்டாப்பில் உங்கள் பஸ்ஸில் ஏறும் ஷெர்வினின் அம்மா நான். பெயர் ஆஷா. ஜனவரியிலிருந்து மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் வீட்டு முகவரி தெரியாததால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

நான் கிளம்பி வந்த நாளிலிருந்து ஷெர்வின் யாரிடமும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்கிறேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்கிறான் போல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், போன் கார்டு தீர்ந்துவிடும். வீட்டில் அவன் அப்பாவிடமும் பேச்சு இல்லை, அவனைப் பார்த்துக்கொள்கிற ரத்தினபாய் அத்தையிடமும் இல்லை. வகுப்பில் ஒழுங்காக எழுதுகிறான், வாய் மட்டும் திறப்பதில்லை என்கிறார் டீச்சர். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் என் கணவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "பஸ்ல மட்டும் பேசறானாம் ஆஷா. டிரைவர்கிட்ட வாய் மூடாம பேசிட்டு வர்றானாம். பஸ் ஆயாம்மா சொல்றாங்க."

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பிறந்த குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். பதினாறு தொட்டில்களிலும் அழுகை. நடுவில் நின்றுகொண்டு என் பையனின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சட்டென்று பிடிபடவில்லை.

நேராகவே கேட்கிறேன். உங்களிடம் அவன் என்ன பேசுகிறான்? பெற்றவளிடம் பேசாதவன் உங்களிடம் மட்டும் ஏன் பேசுகிறான்? பதில் எழுதுங்கள்.

ஆஷா ஜெபசீலன்


இரும்புலியூர்
26 ஜூலை 2005

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

வாட்ச்மேன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது பயந்துபோனேன். வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டி எனக்கு இதுவரை எதுவும் வந்ததில்லை. வீட்டில் என் மனைவி கன்னியம்மாவிடம் காட்டினேன். "இன்னாய்யா பண்ணி வச்சிகிற நீ?" என்று அவளும் பயந்தாள். இரண்டு பேருமாகப் படித்தோம். படித்து முடித்ததும் அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "அந்தம்மாக்கு எல்லாத்தையும் எழுதிடு, ஒண்ணையும் மறைக்காத" என்றாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பம் சொந்த ஊர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும், வாந்தி வரும். அதனால் ஸ்டியரிங் பிடித்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது இது பதினோராவது வருஷம்.

நான் ஓட்டுவது நாலாம் நம்பர் வண்டி. காலையில் முதல் ஸ்டாப் உங்கள் ஏரிக்கரைதான். அதற்கடுத்து பெருங்களத்தூரில்தான் சாமுண்டீஸ்வரி ஆயாம்மாவும் மற்றப் பிள்ளைகளும் ஏறுவார்கள். அதுவரைக்கும் வண்டியில் நானும் ஷெர்வினும் மட்டும். சாயங்காலமும் அப்படியே, கடைசியாக இறங்குகிறவன் அவன்.

நீங்கள் போன பிறகு ஒரு மாதம் என்னிடமும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் காலையில் ஆயிரம் மனசோடு வண்டி ஏறும், நாம் தோண்டக் கூடாது. பிப்ரவரியில் ஒரு நாள் சரியான பனி. ஏரி எது, ரோடு எது என்று தெரியவில்லை. ஹெட்லைட் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை. தண்ணீருக்கு மேலே கொக்குகள் நிற்பது மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அண்ணா, இது பஸ்ஸா, கப்பலா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், "நீ இன்னான்னு சொல்றியோ அதான்டா" என்றேன்.

"கப்பல்" என்றான்.

அன்றிலிருந்து கப்பல்தான். ஜி.எஸ்.டி. ரோடு கடல். திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற பெரிய பஸ்கள் திமிங்கிலம். ஷேர் ஆட்டோக்கள் இறால் கூட்டம். பெருங்களத்தூர் ஒரு தீவு, அங்கே ஜனம் மூட்டை முடிச்சோடு மீட்கிற படகுக்காகக் காத்திருக்கிறது. எல்லாம் அவன் சொல்வதுதான். நான் ஓட்டுவதோடு சரி. படகில் தலை சுற்றியவனுக்கு இந்தக் கப்பலில் ஒன்றும் செய்யவில்லை என்று கன்னியம்மா சிரிப்பாள்.

மஸ்கட் எந்தப் பக்கம் என்று கேட்பான். சூரியன் விழுகிற பக்கம் என்று கை காட்டுவேன். சாயங்காலம் அவன் அந்தப் பக்க ஜன்னலில்தான் உட்காருவான்.

வீட்டில் ஏன் பேசுவதில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அது கரைல, அண்ணா" என்றான். எனக்குப் புரியவில்லை. முகம் சுருங்கியதால் மேலே கேட்கவில்லை. ஸ்டாப்பில் கால் வைத்ததும் அவன் வாய் மூடிக்கொள்வதை நானும் பார்க்கிறேன்.

உங்களிடம் பேசாமல் என்னிடம் பேசுவது என் குற்றம்தானோ என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

கங்காதரன்


மஸ்கட்
14 ஆகஸ்ட் 2005

திரு. கங்காதரன்,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். நாலாவது முறை கோபம் வந்தது.

"அண்ணா, இது பஸ்ஸா, கப்பலா?" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி இரண்டு மூன்று வரிகள் என் மகன் சொன்னவை. ஏழு மாதத்தில் அவன் பேசி எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதுவும் உங்கள் கையெழுத்தில்.

இந்த வாரம் அவன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தை என் கணவர் பார்த்திருக்கிறார். "ரோட்டில் தண்ணி வந்தால் கப்பல் மஸ்கட் போகும். டிரைவர் அண்ணா சொன்னார். நான் அம்மாவிடம் போவேன்" என்று பென்சிலால் எழுதி, கீழே ஒரு கப்பல் வரைந்திருக்கிறான்.

இதை நீங்கள் எனக்கு எழுதவில்லையே. எல்லாவற்றையும் எழுதச் சொன்ன உங்கள் மனைவிக்காவது இது தெரியுமா?

ஏழு வயதுக் குழந்தை நம்பிக் காத்திருப்பான் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? இங்கே ஓய்வு நாளில் கடற்கரைக்குப் போவேன். கரிய மலைகளுக்குக் கீழே கடல் அசையாமல் கிடக்கும். இந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தானே என் வீடு என்று நான்கூட மயங்கி உட்கார்ந்திருப்பதுண்டு. ஆனால் எழுந்து டியூட்டிக்குப் போய்விடுவேன். அவனுக்கு அப்படி எழுந்து வரத் தெரியாது. கப்பலுக்குள்ளேயே இருந்துவிட்டால் அவன் வீட்டில் எப்போதுதான் பேசுவான்?

பிரின்ஸிபாலுக்கு எழுதிவிட்டேன். உங்களைப் பற்றிக் குறையாக எழுதவில்லை. ஷெர்வின் வரும் வண்டிக்கு வேறு டிரைவர் போடும்படி மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஆஷா


இரும்புலியூர்
5 செப்டம்பர் 2005

மேடம் அவர்களுக்கு,

போன திங்கட்கிழமையிலிருந்து என்னை மேடவாக்கம் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாலாம் நம்பரை இப்போது சம்பத் என்பவர் ஓட்டுகிறார். நல்ல மனுஷர், வண்டியைப் பதமாக ஓட்டுவார்.

அந்த வார்த்தையை நான் சொன்னது உண்மை. ஏப்ரல் மாத வெயிலில், தார் உருகிக்கொண்டிருந்தது. "எப்ப அண்ணா கப்பல் மஸ்கட் போகும்?" என்று கேட்டான். "ரோட்ல தண்ணி வரட்டும், போலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அப்புறம் மறந்துவிட்டேன். மறந்ததால்தான் எழுதவில்லை, மறைக்கவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் நினைவு வந்தது. அவனை உட்கார வைத்து, அது விளையாட்டுக்குச் சொன்னதுடா என்று சொல்ல இருந்தேன். சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை வந்தபோது கையில் வேறு வண்டிச் சாவி கொடுத்தார்கள்.

சம்பத்திடம் சொன்னால், "சின்னப் பசங்க பேச்சுக்கு நீ ரொம்பப் பண்றப்பா" என்கிறார். உங்கள் வீட்டுக்காரரிடமாவது சொல்லி, பையனுக்குப் புரிய வையுங்கள். மழைக்காலம் வருகிறது.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கன்னியம்மாவுக்கு இருக்கிறது.

கங்காதரன்


இரும்புலியூர்
2 நவம்பர் 2005

மேடம் அவர்களுக்கு,

ஷெர்வின் நன்றாக இருக்கிறான். ஒரு காய்ச்சல்கூட இல்லை. இதை முதலில் எழுதச் சொன்னவள் கன்னியம்மா.

நடந்ததை உங்கள் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதற்காக எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையிலிருந்து விடாத மழை. பதினோரு மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்கள். பெருங்களத்தூரில் ரோடு முழுவதும் முழங்கால் தண்ணீர். லாரி போனால் அலை எழும்பிக் கடை வாசலில் அடித்தது. ஆயாம்மா பாதியில் இறங்கிவிட்டார். கடைசி ஸ்டாப்புக்கு முன்னால் சம்பத் கண்ணாடியில் பார்த்திருக்கிறார், வண்டியில் யாரும் தெரியவில்லை. ஏரிக்கரைப் பையனை வீட்டு ஆட்கள் பள்ளியிலேயே வந்து கூட்டிப் போய்விட்டார்கள் போல என்று நினைத்து, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மைதானத்தில் பூட்டிவிட்டார்.

பள்ளியைச் சீக்கிரம் விட்டது உங்கள் அத்தைக்குத் தெரியாது. வழக்கம்போல நாலு மணிக்குக் குடை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்து நின்றிருக்கிறார். நாலே முக்காலுக்கு உங்கள் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஷெர்வின் இங்க வந்தானா?"

அவர் கேட்டு முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டில் தண்ணீர் வந்துவிட்டதே. "சார், அவன் எங்கயும் போல. கப்பல்லதான் கீறான்" என்றேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். சட்டை மாட்டக்கூட நிற்கவில்லை, பனியனோடு பள்ளிக்கு ஓடினேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தேன். கடைசி சீட்டுக்கு அடியில், புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் எல்லாம் ஆவி படிந்திருந்தது. வெளியே மைதானம் பூராவும் தண்ணீர். மழை கூரையில் விழுகிற சத்தத்தில் வண்டி மிதக்கிற மாதிரியே எனக்கும் இருந்தது மேடம், பொய் சொல்லவில்லை.

தொட்டதும் கண்ணைத் திறந்தான். "மஸ்கட் வந்துருச்சா அண்ணா?" என்றான்.

என் பின்னாலேயே ஓடி வந்த அவன் அப்பா வண்டிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து மாதம் கழித்து அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை அது.

நான் அவனை மடியில் வைத்துக்கொண்டேன். இந்த வண்டி கடலில் போகாது, நான் சொன்னது பொய், என் தப்பு என்று சொன்னேன். அழவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். கீழே இறங்கினால் வாயை மூடிக்கொள்வான் என்று தெரியும். அதனால் அங்கேயே கேட்டேன்.

"கரைல ஏன்டா பேச மாட்ற?"

"அம்மா சொன்னாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஏர்போர்ட்ல. அம்மா வர்ற வரைக்கும் பேசாம இருக்கணும்னு. அப்படி இருந்தா சீக்கிரம் வந்துருவேன்னு."

"அப்போ என்னாண்ட பேசறியே?"

"கப்பல் போயிட்டே இருக்குல்ல. அது ஊர்ல இல்லையே."

கொஞ்சம் பொறுத்து, ரகசியமாகச் சொன்னான். "ஒரு நாள் தூக்கத்துல பேசிட்டேனாம். அத்தை சொன்னாங்க. அதான் அம்மா இன்னும் வரல."

மேடம், 'பேசாமல் இரு' என்று நாம் எல்லோரும்தான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். நானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். உங்களிடம் கோபித்துக்கொண்டு அல்ல, உங்களுக்காகத்தான் பத்து மாதம் வாயைக் கட்டியிருக்கிறான்.

இதைக் கழற்ற உங்களால்தான் முடியும். போன் செய்யுங்கள்.

கங்காதரன்


மஸ்கட்
18 நவம்பர் 2005

கங்காதரன் அண்ணாவுக்கு,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன்.

நான் அப்படிச் சொன்னேனா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ட்ராலியில் பெட்டி சரிந்தது. பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். "அம்மா வர்ற வரைக்கும் பேசாம இருப்பியாம், நான் சீக்கிரம் வந்துருவேனாம்" என்று சொல்லித்தான் இருப்பேன். தினமும் சொல்கிறதுதானே. அவன் அன்று என்ன கேட்டான் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. டியூட்டி முடிந்ததும் உடையைக்கூட மாற்றாமல் பூத்துக்கு ஓடினேன். வழக்கம்போல மூச்சுச் சத்தம்.

"ஷெர்வின், அம்மா அன்னிக்கு சொன்னது தப்புடா. பேசு. நீ பேசணும்" என்றேன்.

ஒன்றும் வரவில்லை. பிறகு, மெல்ல, "பேசினா வர மாட்டீங்களா?"

அண்ணா, அந்தக் குரல் கொஞ்சம் கனத்துப்போயிருந்தது. நான் விட்டுவந்த குரல் இல்லை அது.

"பேசினாலும் வருவேன், பேசலேன்னாலும் வருவேன். மே மாசம் லீவு. டிக்கெட் போட்டாச்சு" என்றேன். அப்புறம் தொடங்கினான். முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அம்மா, அத்தை தினமும் சட்னில பொட்டுக்கடலை அதிகமா போடறாங்க. நான் எப்படிச் சொல்றது?" அதற்குப் பிறகு கார்டு தீரும்வரை நிறுத்தவில்லை. மழை, டீச்சர், பல் விழுந்தது, கொக்கு, நீங்கள். பத்து மாதத்தையும் வரிசை மாற்றி மாற்றிச் சொன்னான். பூத்துக்கு வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். நான் விடவில்லை.

உங்கள் மேல் வந்த கோபம் பொறாமைதான். அதை அப்போதே புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை. அவசரப்பட்டு எழுதி, உங்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அவன் அன்றைக்கு அந்த சீட்டுக்கு அடியில் கிடந்திருக்க மாட்டான். மன்னித்துக்கொள்ளுங்கள். கன்னியம்மா அக்காவிடமும் சொல்லுங்கள்.

பிரின்ஸிபாலிடம் போனில் பேசினேன். சம்பத்தை வேலையை விட்டு எடுத்துவிட்டு, நாலாம் நம்பரை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷெர்வினும் காத்திருக்கிறான்.

தங்கை
ஆஷா


இரும்புலியூர்
9 டிசம்பர் 2005

அன்புள்ள தங்கைக்கு,

கன்னியம்மாவின் வருத்தம் போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டாள். பொட்டுக்கடலை விஷயத்தை மட்டும் நாலு முறை.

நாலாம் நம்பர் எனக்கு வேண்டாம் என்று பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சம்பத்தை எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கடைசி சீட்டு வரைக்கும் போய், குனிந்து, அடியில் பார்க்கிறார். காலி வண்டியையும் பார்க்கிறார். ஒரு தடவை நெஞ்சு நின்றுபோனவன் இனிமேல் மறக்க மாட்டான். புதிதாக வருகிற ஆளை நம்புவதைவிட அவரை நம்பலாம்.

ஆனால் நான் வேண்டாம் என்றதற்கு அது காரணம் இல்லை. திரும்ப நான் வந்து உட்கார்ந்தால் அவன் திரும்ப என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்காருவான். திரும்பக் கப்பல் கிளம்பும். அவனுக்கும் ஆசை, எனக்கும் ஆசை. காலையில் அந்த ஏரிக்கரையில் கதவைத் திறக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை உங்களுக்கு எழுதியதில்லை, இல்லையா? எழுதும்படி சந்தர்ப்பம் வரவில்லை.

நீங்கள் ஆகஸ்டில் கோபத்தோடு கேட்டது சரியான கேள்வி. கப்பலுக்குள்ளேயே இருந்தால் வீட்டில் எப்போது பேசுவான்? பதினோரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன். நம் வேலை ஏற்றுவதில் பாதி, இறக்கிவிடுவதில் பாதி. அவனை நான் இன்னும் சரியாக இறக்கிவிடவில்லை என்று மனசுக்குள் ஒரு குறை இருந்தது.

நேற்றைக்கு அது தீர்ந்தது. சாயங்காலம் மைதானத்தில் வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். முதலில் நாலாம் நம்பர் போகும், அப்புறம்தான் என் வண்டி. மழை விட்டு இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. தேங்கிய தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாக எல்லா பஸ்ஸும் தலைகீழாகத் தெரிந்தது. நாலாம் நம்பர் மெதுவாக என்னைத் தாண்டிப் போனது. நடு சீட்டு ஜன்னலில் ஷெர்வின். பக்கத்தில் அவன் வகுப்புப் பெண் வெண்ணிலா. அவளிடம் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டுப் பையன்கள் இரண்டு பேர் திரும்பி முட்டி போட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். வண்டி கேட்டைத் தாண்டும்வரை தூக்கியபடியே வைத்திருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தான்.

கங்காதரன்